கண்ணாடி சரி, ஊசி எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்ப்பப்பைப் பரிசோதனை நடக்கும்போது, கண்முன்னே வேறோர் உலகத்தைக் காட்டும் வி.ஆர். கண்ணாடியை மாட்டிவிட்டால் பெண்களுக்கு வலி தெரியாது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் லண்டனில் இருப்பவள், சொந்த ஊர் திருச்சி. அந்த மேஜையில் படுத்து எழுந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

மாதவிடாய் நின்று இரண்டு வருடம் கழித்துத் திடீரென்று ரத்தம் பட்டதால் என்னை ஹிஸ்டரோஸ்கோபிக்கு அனுப்பினார்கள். கேமரா வைத்த மெல்லிய குழாயைக் கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே விட்டு, உப்புநீரைச் செலுத்தி விரித்துப் பார்ப்பார்கள். இங்கே இதைப் பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமலே செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். முன்னாலேயே அனுப்பிய தாளில் 'மாதவிடாய் வலி போல இருக்கலாம்' என்று இருந்தது. ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை போட்டுக்கொண்டேன், ஏற்பாடு அவ்வளவுதான். குழாய் கர்ப்பப்பை வாயைத் தாண்டிய அந்தச் சில நொடி நான் போட்ட சத்தம் வேறு யாரோ கத்துவது போல என் காதிலேயே விழுந்தது. எனக்கு இரண்டு பிள்ளைகளும் வலி வருவதற்கு முன்பே சிசேரியன். சுகப்பிரசவம் ஆகாதவர்களுக்கு இதில் வலி கூடுதலாக இருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. முன்கூட்டியே யாரும் கேட்கவில்லை.

பக்கத்தில் ஒரு நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு மழை, பிள்ளைகள், சமையல் என்று பேசிக்கொண்டே இருந்தார். இங்கே இதற்கு 'வோக்கல் லோக்கல்' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு, அதாவது பேச்சாலேயே மரக்க வைப்பது. நல்ல மனுஷி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வி.ஆர். கண்ணாடியும் கிட்டத்தட்ட அந்த நர்ஸ் வேலையைத்தானே செய்கிறது? கவனம் வேறு பக்கம் போனால் வலியைக் கவனிக்க மூளைக்கு இடம் குறைகிறது, அதுதான் சூட்சுமம். சியாட்டிலில் தீக்காயக்காரர்களுக்குக் கட்டு மாற்றும்போது பனிமலைக்குள் பனிப்பந்து எறிகிற விளையாட்டைக் காட்டியது இப்படித்தான் தொடங்கியது. இங்கிலாந்தில் ஹிஸ்டரோஸ்கோபிக்கு வந்த 40 பெண்களை வைத்துச் செய்து 2021இல் வெளியான ஆய்விலும் கண்ணாடி போட்டவர்களுக்குச் சராசரி வலியும் பதற்றமும் குறைந்திருந்தன. பிறகு வந்த எல்லா ஆய்விலும் அதே பலன் கிடைக்கவில்லை, அதை உங்கள் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது.

எனக்குக் கண்ணாடி மேல் கோபம் இல்லை. கொடுத்தால் போட்டுக்கொண்டிருப்பேன். தலைசுற்றல் வருகிறவர்களும், டாக்டர் என்ன செய்கிறார் என்று திரையில் பார்த்தால்தான் பயம் போகும் என்கிறவர்களும் வேண்டாம் என்று சொல்லலாம். என் பயமெல்லாம், கண்ணாடி இருக்கிறதே என்று மரத்துப்போகும் ஊசியை விட்டுவிடுவார்களோ என்பதுதான். இரண்டு வாசகம் சொல்லும் பொறுமைகூட இல்லாமல் போய்விடும் பாருங்கள்: 'வலித்தால் உடனே நிறுத்தச் சொல்லலாம்', 'மயக்கம் கொடுத்துச் செய்கிற வழியும் உண்டு'. இங்குள்ள மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரியே இரண்டையும் முன்கூட்டிச் சொல்லச் சொல்கிறது. பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் என்ற கருவியைப் போடாமல் மெல்லிய குழாயை மட்டும் விடுகிற முறையில் வலி குறைவு என்பதும் தெரிந்த விஷயம்தான். அமெரிக்காவில்கூட காப்பர் டி போடும்போது வலிக்கு என்ன செய்யலாம் என்று பெண்ணிடம் பேச வேண்டும் என்று அந்நாட்டு அரசின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. 2024இல்தான் தெளிவாக எழுதியது. இத்தனை வருடம் என்ன செய்தார்களாம்?

'பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா' என்று ஊரில் என் அத்தை போனில் சிரித்தார். அவர் காலத்தில் கேட்கவும் ஆள் இல்லை.

அடுத்த மாதம் என் தங்கைக்குத் திருச்சியில் கர்ப்பப்பையிலிருந்து சதை எடுத்து டெஸ்ட் செய்யப் போகிறார்கள். அங்கே கண்ணாடியெல்லாம் கிடையாதாம். ஊசி போடுவீர்களா என்றாவது டாக்டரிடம் கேள் என்றேன். எப்படிக்கா கேட்கிறது என்று கூச்சப்படுகிறாள்.

இப்படிக்கு,
லண்டனிலிருந்து ஒரு வாசகி