உரகாவாவிலிருந்து அப்பாவுக்கு

உரகாவா, ஹொக்கைடோ
தை மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் செல்வியும் தம்பியும் நலம்தானே? கார்த்திகையில் நீங்கள் போட்ட கடிதம் வந்து பல நாட்களாகிவிட்டன. பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. செல்வி நடுவில் நின்று பாதியைத்தான் சொல்கிறாள், அந்தப் பாதியிலும் தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்கிறாள். இதை நீங்களே கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

குளிரைப் பற்றி அம்மா கேட்டிருந்தாள். தீவின் உட்பகுதியில் பனி ஆளுயரம் கொட்டுமாம். இது கடலோரம் என்பதால் இங்கே அவ்வளவு இல்லை. ஆனால் விடியற்காலையில் பூஜ்யத்துக்குக் கீழே பத்துக்குப் போய்விடுகிறது. தரை கல்லாக இறுகிவிடும். இரவு படுக்கும் முன் குழாயிலுள்ள தண்ணீரை முழுவதும் வடித்துவிட வேண்டும். அதற்கென்று சுவரில் ஒரு திருகு இருக்கிறது. மறந்தால் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து, காலையில் பல் விளக்கக்கூட வழியிருக்காது. கம்பளி, கையுறை எல்லாம் போதுமான அளவு இருக்கின்றன. அம்மா ஸ்வெட்டர் அனுப்ப வேண்டாம், தபால் செலவு ஸ்வெட்டர் விலையைவிட அதிகம்.

சாப்பாட்டுக்கும் குறையில்லை. என் அறையில் இருக்கும் ஜோத்பூர்க்காரர் ரொட்டி சுடுவார், நான் பருப்பு வைப்பேன். இந்த ஊரில் இந்தியர்கள் முந்நூறு பேர் அளவுக்கு இருக்கிறோம். பெரும்பாலானவர்கள் ராஜஸ்தான்காரர்கள், எல்லோரும் என்னைப் போலப் பந்தயக் குதிரைகளைப் பழக்கும் வேலைக்கு வந்தவர்கள். புளி மட்டும் தட்டுப்பாடு. கீழ்வீட்டுப் பாட்டி கோடையில் கடற்பாசி காயவைக்கும் வேலைக்குப் போகிறவர். இந்த வட்டாரத்து ஹிதாகா கடற்பாசி என்றால் நாடு முழுவதும் பெயர் பெற்றதாம். முழ நீளத்தில் ஒரு கட்டு கொடுத்தார். அதை முருங்கைக்காய்க்குப் பதிலாகச் சாம்பாரில் போட்டேன். ஜோத்பூர்க்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்தப் பாட்டி ஒரு தனிப் பிறவி. எண்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் வேலைக்குக் கிளம்பும்போதே எழுந்து படிக்கட்டுப் பனியைத் தள்ளிக்கொண்டிருப்பார். உதவப் போனால் விரட்டுகிறார். வீட்டுக் கூடத்தில் பேரன் பேத்தி படம் ஒன்றும் கிடையாது, ஹரு உராரா என்ற குதிரையின் படம்தான் மாட்டியிருக்கிறார். பக்கத்து மிட்சுயிஷியில் 1996-இல் பிறந்த குதிரை அது. 113 பந்தயம் ஓடி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. தோற்கத் தோற்க நாடே அதை விரும்பத் தொடங்கியதாம். 2025 செப்டம்பரில் 29 வயதில் இறந்தபோது பாட்டி கடைக்குப் போய் ஒரு பை கேரட் வாங்கிக்கொண்டு, சாலை வளைவிலுள்ள கல் சாமிக்கு வைத்துவிட்டு வந்தார். அந்தச் சாமியின் தலைக்கு மேலே ஒரு குதிரைத் தலை இருக்கும். இறந்த குதிரைகளுக்காக ஹொக்கைடோ முழுவதும் இப்படிக் கற்கள் நட்டிருக்கிறார்கள். திருவந்திபுரம் மலைமேல் பரீட்சைக்கு முன் என்னை நிறுத்திக் கும்பிடச் சொல்வீர்களே, அந்த ஹயக்கிரீவருக்கு உறவுதான். பௌத்தத்தோடு சீனா வழியாக வந்து சேர்ந்திருக்கிறார்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். "பல் போடாத கன்றை நாம் நுகத்தில் பூட்டியதில்லை. நீ பால்குட்டி மேல் ஏறுவதைத் தம்பி செல்பேசியில் காட்டினான். பாவம் இல்லையா?" என்று எழுதியிருந்தீர்கள். தபால் உறையின் மூலையில் செல்வி மகனும் தன் பங்குக்கு, கால் ஒடிந்த குதிரைக்கு ஏன் மாவுக்கட்டுப் போடாமல் ஊசி போட்டுக் கொல்கிறார்கள் என்று பென்சிலில் கேட்டிருக்கிறான்.

முதலில் உங்கள் பல் கணக்கு. மாட்டுக்கு இரண்டு வயதை ஒட்டி முதல் இரண்டு பல் மாறும். குதிரைக்கு இரண்டரை வயதில்தான் நடுப்பல் விழுந்து புதிது முளைக்கும். கடைசி முன்பல் மாற நாலரை ஆகும். இங்கே இரண்டு வயதுக் குதிரைகளுக்கான பந்தயம் ஜூன் தொடக்கத்திலேயே, ஜப்பான் டெர்பி என்ற பெரிய பந்தயம் முடிந்த அடுத்த வாரம் ஆரம்பமாகிறது. ஆக, உங்கள் கணக்குப்படி பார்த்தால் அங்கே ஓடுகிற குட்டிகள் வாயில் முழுக்கப் பால் பல்தான். நான் ஏறுவது அதற்கும் முன்னால், ஒன்றரை வயதில். புரட்டாசி, ஐப்பசியில் வயிற்றுப்பட்டை கட்டிப் பழக்குவோம். பிறகு நீளக் கயிற்றில் நடத்துவோம். அப்புறம் லாயத்துக்குள்ளேயே முதுகின் குறுக்கே வயிறு படக் கொஞ்ச நேரம் படுத்துவிட்டு இறங்குவோம். அது தாங்கிக்கொண்டால்தான் உட்காருவது. முதல் தடவை உட்காரும்போது குட்டி மூச்சை அடக்கிக்கொள்ளும். தொடை வழியாக அது தெரியும். காது இரண்டும் பின்னால் திரும்பி, இவன் யார் என்று கேட்பது போல நிற்கும். மூச்சு விட்ட பிறகுதான் நானும் விடுவேன்.

எலும்பு விஷயமும் உங்கள் பக்கம்தான் பேசுகிறது. முன்னங்கால் முழங்காலுக்கு மேலே எலும்பு வளர்கிற இடம் மூடுவதற்கே இரண்டு, இரண்டரை வயது ஆகும். முதுகெலும்பு முழுதாக முற்ற ஐந்து வயதுக்கு மேல் ஆகிவிடும்.

ஆனால் கன்றுக்குச் சொல்வதை அப்படியே குதிரைக்குச் சொல்ல முடியவில்லை, அப்பா. எங்கள் லாயத்துக்கு வரும் கால்நடை மருத்துவர் ஒரு படத்தை வைத்து விளக்கினார். எலும்பு வேலைக்கேற்றபடி தடிக்கிறது. குட்டியை நான்கு வயதுவரை சும்மா கட்டிவைத்துவிட்டு ஒருநாள் ஓடவிட்டால் அந்தக் கால்தான் சீக்கிரம் போகுமாம். தினமும் நெடுந்தூரம் மெதுவாக ஓட்டுவதால் பயனில்லை, கொஞ்ச தூரத்தை வேகமாக, சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால்தான் முன்கால் எலும்பின் முன்பக்கம் கெட்டிப்படும் என்று அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2009 முதல் பந்தயத்தில் இறக்கும் குதிரைகளைக் கணக்கெடுக்கிறார்கள். அப்போது ஆயிரம் ஓட்டத்துக்கு இரண்டு என்றிருந்தது 2023-இல் 1.32 ஆகியிருக்கிறது. அதிலும் இரண்டு வயதுக் குதிரைகள் மற்றவற்றைவிடக் குறைவாகவே இறக்கின்றன. இரண்டு வயதில் ஓடத் தொடங்கியவைதான் அதிக காலம் ஓடுகின்றன என்றும் கண்டிருக்கிறார்கள். ஹரு உராராவும் இரண்டு வயதில்தான் முதல் பந்தயம் ஓடியது.

இந்தக் கணக்கை இங்கே எல்லோரும் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார்கள், கேட்டவுடன் எடுத்து நீட்டுவார்கள். எனக்கு அதில் பாதிதான் நம்பிக்கை. இரண்டு வயதில் ஓட முடிந்தது என்றால் அது ஏற்கெனவே நல்ல காலுள்ள குட்டி. ஓட முடியாமல் பயிற்சியிலேயே நொண்டிப்போனது பந்தயத் திடலுக்கே வருவதில்லை, அந்தக் கணக்கிலும் வருவதில்லை. அதை நான் பார்க்கிறேன், கணக்கு எழுதுகிறவர் பார்ப்பதில்லை.

என்னைக் கேட்டால் பாவம் ஏறுவதில் இல்லை, தேதியில் இருக்கிறது. ஜனவரி முதல் தேதி விடிந்ததும் இங்கே எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே நாளில் இரண்டு வயது ஆகிவிடுகிறது. பிப்ரவரியில் பிறந்ததற்கும் அதே வயது, மே கடைசியில் பிறந்ததற்கும் அதே வயது. முன்பெல்லாம் இன்னும் மோசம். 2001-க்கு முன் நாம் நடப்பு வயது சொல்வது போல ஒன்றைக் கூட்டி மூன்று என்பார்களாம். மே மாதத்தில் ஏலம் வருகிறது. ஒவ்வொரு குட்டியாக வாங்குவோர் முன் ஓடவிட்டு, கடைசி 200 மீட்டருக்கு எத்தனை விநாடி என்று அறிவிப்பார்கள். பதினோரு விநாடி என்றால் விலை ஒன்று, பன்னிரண்டு என்றால் வேறொன்று. எலும்பு முற்றியதா என்று அந்தக் கடிகாரம் கேட்பதில்லை. குட்டி நிற்கிற ஒவ்வொரு மாதமும் உரிமையாளருக்குத் தீனிச் செலவு, லாயச் செலவு, என் சம்பளம். ஆகவே அவசரம். நான் சாப்பிடும் சோறும் அந்த அவசரத்தில்தான் வேகிறது.

இப்போது என் பொறுப்பில் ஒரு பெண்குட்டி இருக்கிறது. மே 27-இல் பிறந்தது, செம்பட்டை நிறம், நெற்றியில் சின்ன வெள்ளைப்பொட்டு. காலையில் தொட்டதும் கால் கொடுக்கும். போன வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்பின் முன்பக்கத்தில் கையை வைத்தேன். வலது பக்கம் சூடு. கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன், காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. இங்கே இதற்கு 'சோயே' என்று பெயர். கிண்டியில் இது வந்தால் அந்தக் காலத்தில் காலுக்குச் சூடு போடுவார்கள் என்று கோபால் அண்ணன் சொல்வாரே, அதே நோய்தான். பெரிய ஆபத்தில்லை, ஓய்வு கொடுத்தால் சரியாகும். ஓய்வு கொடுக்காமல் ஓட்டினால்தான் கண்ணுக்குத் தெரியாத கீறல் நாளைக்கு முறிவாகும். மேனேஜரிடம் சொன்னேன். எக்ஸ்ரே எடுத்துவிட்டு, நடை மட்டும் போதும் என்றார். உரிமையாளர் தொலைபேசியில் மே ஏலம், மே ஏலம் என்கிறார். இரண்டு பேரில் யார் ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

செல்வி மகனிடம் இதைச் சொல்லுங்கள். குதிரை 450, 500 கிலோ எடை. படுத்துக் கிடந்தால் நுரையீரலும் குடலும் கெடும். மூன்று காலில் நின்றால் பாரம் முழுவதும் மற்ற காலுக்குப் போய், குளம்புக்குள் சதை அழற்சி கண்டு அந்தக் காலும் போய்விடும். 1978-இல் டென்பாயின்ட் என்ற புகழ்பெற்ற குதிரை கியோட்டோவில் 66.5 கிலோ பாரம் சுமந்து ஓடும்போது பின்னங்கால் முறிந்தது. அது குட்டியில்லை, ஐந்து வயதுக் குதிரை. கொல்லக்கூடாது என்று ரசிகர்கள் கெஞ்சினார்கள். மருத்துவர்கள் கூட்டமாக நின்று அறுவை செய்தார்கள். நாற்பது நாட்களுக்கு மேல் வைத்திருந்தும், எலும்பும் தோலுமாகி மார்ச் மாதம் இறந்தது. ஊசி போடுவது சில சமயம் இரக்கம்தான் என்று சொல்லுங்கள். பந்தயக் குதிரைக்கு ஏன் அந்த ஊசி தேவைப்படுகிறது என்று அவன் அடுத்துக் கேட்பான். அதற்குப் பதில் அவன் பெரியவனான பிறகு நானே சொல்கிறேன்.

மாட்டுப் பொங்கல் அன்று இங்கே வேலை நாள். மதியம் லாயத்தைக் கழுவும்போது, நீங்கள் இந்நேரம் செவலையின் கொம்புக்குச் சிவப்பு பூசியிருப்பீர்கள், அம்மா சலங்கையைத் தேடி எல்லோரையும் திட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். கையில் குங்குமம் இருந்தது. அந்தப் பெண்குட்டியின் வெள்ளைப்பொட்டின் மேல் வைத்தேன். கொம்பில்லாத பிராணிக்கு என்ன பண்டிகை என்று ஜோத்பூர்க்காரர் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் தொடங்கினேன். பிறகு தீவன அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன். அம்மாவிடம் இதைப் படிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறாய் என்று கேட்டால், ஊர் சுற்றுகிறான் என்று சொல்லுங்கள். பொய்யில்லை, ரயில் நிலையம்வரை நடக்கிறேன். 2015-இல் கடல் அலை தண்டவாளத்தை அரித்ததிலிருந்து அங்கே ரயில் வருவதில்லை, 2021-இல் பாதையையே மூடிவிட்டார்கள். நடக்க நல்ல இடம், கூட்டமே இருக்காது.

இந்த மாதம் பணம் குறைவாக வந்திருக்கும். யென் விலை சரியாக இல்லை, கொஞ்சம் ஏறட்டும் என்று நிறுத்திவைத்திருக்கிறேன். வேறொன்றுமில்லை. செல்வியின் நாத்தனார் வழியில் வந்த வரனை நம் சின்னவளுக்குப் பேசி முடித்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் வைகாசி வேண்டாம். அது ஏல சமயம், எனக்கு விடுப்புக் கிடைக்காது. ஆவணியில் வைத்தால் நிச்சயம் வந்துவிடுவேன். நகை எத்தனை பவுன் என்று அவர்கள் வாயால் சொல்லட்டும், நாமாக எண்ணிக்கையைச் சொல்ல வேண்டாம்.

தம்பி இங்கே வரத் துடிக்கிறான் என்று தெரிகிறது. 2024 செப்டம்பரில் கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்கு அரசு சீல் வைத்ததிலிருந்து அவனுக்கு நிலையான வேலை இல்லை என்பதும் தெரியும். குதிரை வேலைக்கான விசாவுக்குப் பத்து வருட அனுபவச் சான்று கேட்கிறார்கள். அவனுக்கு ஆறுகூட முடியவில்லை. சான்று வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு என்று எந்த ஏஜென்ட் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பெங்களூரிலோ மைசூரிலோ வேலை இருக்கிறதா என்று கோபால் அண்ணனைக் கேட்கச் சொல்லுங்கள்.

அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தது போதும், கடலூரில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். செவலை கன்று போட்டதா, கிடாரியா காளையா என்று ஒருவரும் எழுதவில்லையே! சாலையோரத்து அரை ஏக்கரைப் பெரியப்பா கேட்கிறார் என்றீர்கள். கல்யாணச் செலவுக்கென்று அதில் கை வைக்க வேண்டாம். பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. அதை மாற்றி, வில்லங்கச் சான்றிதழ் எடுத்துச் செல்வி வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். அதுவரை பெரியப்பா எந்தக் காகிதத்தை நீட்டினாலும், காபி கொடுத்துப் பேசி அனுப்பிவிடுங்கள், கையெழுத்து மட்டும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
குமரன்