கட்டுவிரியன் விரியன் இனம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் இதழில் பாம்புக்கடி பற்றி வந்த கட்டுரையில் 'விரியன் கடித்தால் கடிவாய் வீங்கும், வலி தாங்க முடியாது, ரத்தம் உறையாமல் கசியும்' என்று எழுதி, பக்கத்திலேயே கட்டுவிரியன் படத்தைப் போட்டிருந்தீர்கள். எழுதியது சரி, படம் தப்பு. உயிர் சம்பந்தப்பட்ட தப்பு என்பதால்தான் எழுதுகிறேன்.

பேரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியன் நாகப்பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும்தான் அசல் விரியன்கள், அவற்றின் விஷம் முக்கியமாக ரத்தத்தைக் கெடுக்கும். கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்கும். இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன 'கிரெய்ட்' என்ற தனிப்பெயர் இதற்கு இருப்பதால் அங்கே இந்தக் குழப்பம் வருவதில்லை. தமிழில் ஒரே சொல் இரண்டு இனத்துக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பேரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு, தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. பல் பட்ட இடம் பல சமயம் கண்ணுக்கே தெரியாது. வீக்கம் இருக்காது, வலியும் பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிற்றைப் பிசைகிற வலியோடு எழுந்திருப்பார்கள், ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், அதற்குள் இமை தானாகக் கீழே சரியும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசைகளே நின்றுவிடும். 'விரியன் கடித்தால் வீங்கும்' என்று படித்து வைத்திருக்கிற குடும்பம், வீக்கம் இல்லையே என்று பாம்பை நினைத்துக்கூடப் பார்க்காது.

நேரம் போகப் போக ஆபத்து கூடுகிறது. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத் தயாராவது. இதற்கான விஷத்தை, மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார்தான் பல காலமாக எடுத்துத் தருகிறார்கள். மருந்து இருக்கிறது, ஆனால் கட்டுவிரியன் விஷம் ஏற்கெனவே அழித்துவிட்ட நரம்பு முனைகளை அது திருப்பிக் கொண்டுவராது. அவை மறுபடி வளரும்வரை நாள்கணக்கில் வென்டிலேட்டரில் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். தரையில் படுத்தவருக்கு விடிகாலையில் வயிற்றுவலியும் இமைச்சரிவும் சேர்ந்து வந்தால், கடிவாயைத் தேடிக்கொண்டிருக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்புறம் படம். விஷமில்லாத வெள்ளிவரையனைக் கட்டுவிரியன் என்று போடுவதையும் பல இடங்களில் பார்க்கிறேன். வெள்ளிவரையனின் பட்டைகள் கழுத்தருகே பளிச்சென்று ஆரம்பித்து வால் பக்கம் மங்கும். வளர்ந்த கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் தலைப்பக்கம் மங்கலாகவும் வால் பக்கம் தெளிவாகவும் இருக்கும், முதுகின் நடுவரிசைச் செதில்கள் அறுகோணமாக, மற்றவற்றைவிடப் பெரிதாகத் தெரியும். ஆனால் இதையெல்லாம் பார்க்கிறேன் என்று யாரும் பாம்பின் கிட்டே போய்விடக் கூடாது, படம் தேர்வு செய்கிறவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

பேரை மாற்றச் சொல்லவில்லை, காலங்காலமாக மக்கள் வாயில் இருக்கிற பேர் அது. செய்தியில் வெறுமனே 'விரியன்' என்று எழுதாமல் எந்தப் பாம்பு என்று முழுப் பேரையும் போடுங்கள். கட்டுவிரியன் என்றால் 'கடித்த இடம் பெரும்பாலும் வீங்காது, பெரிதாக வலிக்காது' என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். அடுத்த இதழிலேயே திருத்தம் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்