காணாமல் போன படகுக்கு எஃப்.ஐ.ஆர். பதியக் கோரி மனு

அனுப்புநர்: ஃபைபர் படகு உரிமையாளர் மற்றும் எங்கள் இறங்குதளத்து மீனவர்கள்

பெறுநர்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்

பொருள்: படகு திருடு போனது – இரண்டு காவல் நிலையங்களும் வழக்குப் பதிய மறுப்பது – தாங்கள் நேரடியாக உத்தரவிட வேண்டுவது தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்பு கொடுத்த மனுக்கள் (எதற்கும் பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் இறங்குதளத்தைப் பற்றித் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. சாகர் கவாச் என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தபோது வலை பின்னும் கூடத்துக்கு வந்து எங்களோடு பேசிவிட்டுப் போனீர்கள். சந்தேகப்படும்படி படகோ ஆளோ தென்பட்டால் 1093 என்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், கடலில் எங்களுக்குக் கண்ணும் காதும் நீங்கள்தான் என்றீர்கள். அதே ஆட்கள்தான் இப்போது ஒரு எஃப்.ஐ.ஆருக்காக அலைந்துகொண்டிருக்கிறோம்.

1. கரையோரம் கட்டியிருந்த என் ஃபைபர் படகு, இன்ஜின், ஜிபிஎஸ் கருவி, வலை எல்லாவற்றோடும் இரவோடு இரவாகக் காணாமல் போனது. கட்டுக்கயிறு அறுந்துபோகவில்லை, கத்தியால் நறுக்கியிருக்கிறார்கள். அந்தத் துண்டை இன்னும் எடுத்து வைத்திருக்கிறேன், வாங்கிப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

2. மெரைன் ஸ்டேஷனுக்கு, அதாவது கடலோரக் காவல் நிலையத்துக்குப் போனால் கரையில் நடந்த திருட்டு, சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனுக்குப் போ என்கிறார்கள். அங்கே போனால் கடல் சம்பந்தப்பட்டது, மெரைனுக்குப் போ என்கிறார்கள். ரைட்டர் ஐயா ஒரு கேள்வி கேட்டார்: படகு மணலில் நின்றதா, தண்ணீரில் மிதந்ததா? ஐயா, தண்ணீர் ஏறினால் மிதக்கும், வற்றினால் மணலில் உட்காரும், எங்கள் கரை அப்படித்தான் என்பது தங்களுக்கே தெரியும். திருடன் எத்தனை மணிக்கு வந்தான் என்று அவனைக் கேட்டுக்கொண்டு வந்தால்தான் எந்த ஸ்டேஷன் என்று முடிவாகும் போலிருக்கிறது!

3. எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(1) பிரிவு சொல்கிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. எனக்கு மனு ரசீது கூடத் தரவில்லை.

4. எங்களை ராத்திரி தூங்கவிடாதது இதுதான், தயவுசெய்து இதை மட்டுமாவது முழுசாகப் படியுங்கள். தொழில் போனது ஒரு பக்கம். அந்தப் படகில் என் பதிவு எண் இருக்கிறது, அரசு சொன்ன நிறத்தில் நான் அடித்த பெயின்ட் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிற ரோந்துக்காரருக்கு அது நம்ம ஊர்ப் படகு, அவ்வளவுதான். பீடி இலையும் மஞ்சளும் இலங்கைக்குக் கடத்தப்படுவதும், அதற்கு ஃபைபர் படகுகள் பிடிபடுவதும் தங்களுக்குத் தெரியாததல்ல. நாளை என் படகு அப்படிச் சிக்கினால் முதலில் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். திருடு போனது என்பேன். எஃப்.ஐ.ஆர். எங்கே என்பார்கள். நான் என்ன காட்டுவது? அந்தக் கயிற்றுத் துண்டையா? இது என் ஒருவன் கவலையும் இல்லை. 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் தாக்குதல் நடத்த இறங்கிய 10 தீவிரவாதிகளும் குபேர் என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடலில் பறித்துக்கொண்டுதான் வந்தார்கள், அதில் இருந்த மீனவர்களைக் கொன்றும்விட்டார்கள். அதற்குப் பிறகுதானே எங்களுக்குக் கைரேகையோடு அடையாள அட்டை, படகுக்கு நிறம், ஒத்திகை, கூட்டம் எல்லாம் வந்தது? எல்லாவற்றுக்கும் ஒத்துழைத்தோம், தொழிலை விட்டுவிட்டு வரிசையில் நின்றோம். இப்போது பதிவு எண் உள்ள ஒரு படகு யார் கையில் இருக்கிறது என்றே தெரியவில்லை, ஓடி வந்து சொல்கிறோம், அதை எழுதிக்கொள்ள ஆள் இல்லையென்றால் அந்த ஒத்திகையெல்லாம் போட்டோவுக்கா ஐயா?

5. போலீஸ்காரர்கள் படும் பாடும் தெரியும். திருவிழா, கட்சிக் கூட்டம், அமைச்சர் வருகை என்று எல்லாவற்றுக்கும் பந்தோபஸ்து இவர்களே. கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் புகாரை எழுதிக்கொள்ள ஒரு தாளும் ஒரு ஆளும் போதுமே.

6. எஃப்.ஐ.ஆர். போடுங்கள்.

காவல் நிலையத்தில் பதிய மறுத்தால் விவரத்தை எழுத்து மூலமாகத் தங்களுக்குத் தபாலில் அனுப்பலாம் என்று அதே சட்டத்தின் 173(4) பிரிவு வழி விட்டிருக்கிறது. அதன்படிதான் இந்த மனுவை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். இதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்தான். அங்கே போக எனக்கு விருப்பமில்லை, தினமும் பார்த்துக்கொள்கிற ஆட்கள் நாம்.

ஆகவே ஐயா அவர்கள் எந்த ஸ்டேஷன் என்பதைத் தாங்களே முடிவு செய்து, வழக்குப் பதிந்து அதன் நகலை எனக்குத் தர உத்தரவிட வேண்டுகிறேன். படகின் பதிவு எண்ணை மெரைன் ரோந்துப் படகுகளுக்கும் கடலோரக் காவல் படைக்கும் உடனே தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். எஃப்.ஐ.ஆர். நாளைக்கு ஆனாலும், இதை இன்றைக்கே செய்துவிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
படகு உரிமையாளர்

இணைப்பு: படகின் பதிவுச் சான்று நகல், இன்ஜின் வாங்கிய ரசீது நகல், முந்தைய மனுக்களின் நகல்கள்.