அது இரட்டை மயில் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் முகூர்த்தப் பட்டு பற்றிய பக்கத்தில், அரக்கு பார்டர் ஒன்றைப் பெரிதாகப் போட்டு, கீழே ‘இரட்டை மயில்’ என்று அச்சிட்டிருந்தீர்கள். அது மயிலும் இல்லை, இரட்டையும் இல்லை. ஒரே பறவை. காஞ்சிபுரத்தில் அதற்கு இருதலைப் பட்சி என்று பெயர்.

சந்தேகம் இருந்தால் கால்களை எண்ணிப் பாருங்கள். என் அப்பா சொல்லிக்கொடுத்த வழி இது. இரண்டு மயில்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றால் நான்கு கால் வேண்டும், இரண்டு தோகை வேண்டும். உங்கள் படத்தில் கால் இரண்டு, வால் ஒன்று. கழுத்து மட்டும் மேலே பிரிந்து பக்கத்துக்கு ஒன்றாகப் பார்க்கிறது. கர்நாடக அரசின் முத்திரையில் கண்டபேருண்டம் இருக்கிறதே, அதே பறவைதான்.

நான் பிள்ளையார்பாளையத்தில் தறி வீட்டில் பிறந்தவன். 1968ல் எனக்கு 9 வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கோர்வை நாடா போடுவேன். ஊடையை, அதாவது குறுக்கு இழையை, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோகும் கட்டைதான் நாடா. கோர்வைச் சேலைக்கு நாடா மூன்று: உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால், இரண்டும் சேரும் இடத்தில் ஊடை இழைகள் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அங்கே இழையைத் தளர விட்டால் அப்பா வாயைத் திறக்கமாட்டார். நாடாவால் முட்டியில் ஒரு தட்டு விழும்.

தறியில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கரையில் உள்ள பறவைகள் நிற்பதாகத் தெரியாது. படுத்துக்கொண்டேதான் பிறக்கும். எங்கள் தறியில் அன்னம் வாலில் ஆரம்பிக்கும், அலகில் கவ்விய கொடி கடைசியில்தான் வரும். இருதலைப் பட்சி அப்படி இல்லை. முதலில் ஓர் அலகு, கண், கழுத்து. அப்புறம் உடம்பு. அதற்கும் அப்புறம்தான் இன்னொரு தலை. ராத்திரி அம்மா சோற்றுக்குக் கூப்பிடும்போது பல நாள் ஒரு தலை மட்டும் முடிந்திருக்கும். துணியைப் போட்டு மூடிவிட்டு எழுந்துவிடுவோம். மற்றத் தலை இப்போது எங்கே இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். அப்பா மேலே, துளை போட்ட அட்டைகளால் உருவத்தை நெய்யவைக்கும் ஜக்கார்டு பெட்டியைக் காட்டி, “அட்டையில தூங்குது, காலையில வரும்” என்றார்.

வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக்குப் போனால் எல்லோரும் கல் சங்கிலியை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் ரதியின் அன்னத்தையும் மன்மதனின் கிளியையும் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டுத் தறியைப் பார்த்துத்தான் சிற்பி செதுக்கியிருக்க வேண்டும் என்று வெகுநாள் நம்பினேன்.

பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்தது சரி என்று சொல்ல வரவில்லை. என் மகனை நான் அந்தப் பக்கமே விடவில்லை. அதன் பலன், அவன் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோது, கடைக்காரர் ‘பேர்ட் டிசைன்’ என்று விரித்துக் காட்ட, இவனும் தலையாட்டினான். 2005-06ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது. கரையில் இருப்பது என்ன பறவை என்று கேட்டால்தான் கடையிலும் தெரியவில்லை, பத்திரிகையிலும் தெரியவில்லை. இனி சேலைப் படம் போடும்போது எங்கள் தெருவில் எந்தத் தறி வீட்டிலாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். இந்தப் படத்துக்குத் திருத்தம் ஒரு வரி போதும்.

இடம் இருந்தால் இதையும் போடுங்கள். 1968லோ அடுத்த வருஷமோ, ஒரு சேலையில் அட்டை இரண்டு தாண்டிப்போய், ஜரிகைக்கு நடுவே விழவேண்டிய சிவப்புப் புள்ளி விழவில்லை. பட்சிக்கு ஒரு கண் போய்விட்டது. அப்பா கவனித்தபோது ஒரு முழம் தாண்டியாயிற்று, பிரிக்க வழியில்லை. “கொசுவத்துக்குள்ள போயிடும்” என்றார். முதலாளி கண்ணுக்குத் தப்பவில்லை, கூலியில் பிடித்துக்கொண்டார். ஆனால் சேலை விற்றுவிட்டது.

பிறகு நான் பேருந்து நடத்துநரானேன். 2017ல் ஓய்வு பெற்றேன். முகூர்த்த நாட்களில் டிக்கெட் கொடுக்கும்போதெல்லாம் கண் சேலைக் கரைக்குத்தான் போகும் (தவறாக எண்ண வேண்டாம்). கண் போன அந்தப் பட்சி கிடைக்கவில்லை. வாசகிகள் யார் வீட்டுப் பீரோவிலாவது அந்தக் காலத்துச் சேலை, மாம்பழ நிற உடல், அரக்குக் கரை என்று இருந்தால், இடுப்பில் செருகும் முனையிலிருந்து நான்காவது, ஐந்தாவது முழத்தில் கீழ்க்கரையைப் பிரித்துப் பாருங்கள். இடப்பக்கத் தலையில் கண் இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.