மலர் வேலை: இனி ஒரே கோப்பில்

நண்பர்களே, வணக்கம்.

ஆண்டு மலர்க் கட்டுரைகள் "இறுதி", "இறுதி-2", "புதிய இறுதி" என்று மூன்று கோப்புகளாகக் குழுவில் சுற்றுகின்றன. நம்மில் ஒருவர் ராத்திரி கண்விழித்துத் திருத்திய 14 பக்கங்களும் பழைய பிரதியில் போய்விட்டன. அந்த உழைப்பு வீணானது எனக்கு ரொம்ப வருத்தம். அதனால் இனி எல்லாம் கூகுள் டாக்ஸில், ஒரே கோப்பில்தான்.

1. அந்தக் கோப்பின் இணைப்பைக் குழுவின் மேலே நிற்கும்படி 'பின்' (pin) செய்திருக்கிறேன். இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.
2. நேரடியாக அழித்து எழுத வேண்டாம், 'சஜஷன்' முறையில் திருத்துங்கள். பழைய வரியும் தெரியும். எழுதியவர் பார்த்து ஏற்கலாம். தவறி அழிந்தாலும் பதற வேண்டாம். கணினியில் திறந்தால் பதிப்பு வரலாறு இருக்கும், முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.
3. சந்தேகத்தை அந்த வரியிலேயே கமெண்டாகப் போடுங்கள். @ போட்டு உரியவரைச் சேர்த்தால் அவருக்கு மின்னஞ்சல் போகும்.
4. படங்கள் கூகுள் டிரைவ் கோப்புறையில் மட்டும். வாட்ஸப்பில் தரம் குறைந்துவிடுகிறது.

கூட்டம்: ஜூன் 14, ஞாயிறு, யூடிசி (உலகப் பொது நேரம்) 13:00, கூகுள் மீட். காலண்டர் அழைப்பைத் திறந்தால் அவரவர் ஊர் நேரமே காட்டும். இலவசக் கணக்கில் 60 நிமிடம்தான், அதனால் நேரத்துக்கு வந்துவிடுங்கள்.

வெள்ளிக்குள் "திறந்தது" அல்லது "திறக்கவில்லை" என்று எல்லோரும் பதில் போடுங்கள். அப்புறம், இதெல்லாம் புதிது என்பவர்கள் தயங்காமல் என்னைத் தனியாக அழையுங்கள். திரையைப் பகிர்ந்து, கூடவே இருந்து காட்டுகிறேன்.