பானிபட் பற்றி உன் கேள்விக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. 1526இல் பானிபட்டில் டெல்லி சுல்தான் இப்ராஹிம் லோடியைப் பாபர் வென்றது பீரங்கியால்தான் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

பீரங்கி எவ்வளவு மெதுவான ஆயுதம் என்பதைப் பாபரே எழுதிவைத்திருக்கிறார். 1528இல் கங்கையில் பாலம் போட்டபோது அவருடைய பீரங்கித் தலைவர் உஸ்தாத் அலி குலியின் பெரிய பீரங்கி முதல் நாள் எட்டு முறைதான் சுட்டது. மறுநாள் 16. அதைவிடப் பெரிதாக நிறுத்திய இன்னொன்று முதல் தடவையே வெடித்துச் சிதறிப்போனது. பானிபட்டில் இருந்தவை சிறியவை. என்றாலும் மறுபடி மருந்து கெட்டித்து முடிப்பதற்குள் குதிரைப்படை வந்து மேலே ஏறிவிடும்.

அந்த அவகாசத்தை வாங்கித் தந்தவை 700 வண்டிகள். பச்சைத் தோலில் முறுக்கிய கயிற்றால் அவற்றை வரிசையாகப் பிணைத்தார்கள். இரண்டு வண்டிக்கு நடுவே ஐந்தாறு மறைப்புத் தட்டிகள், அவற்றுக்குப் பின்னால் துப்பாக்கிக்காரர்கள். இதில் நான் மிகவும் வியப்பது இடைவெளிகளைத்தான். அம்பு பாயும் தூரத்துக்கு ஒன்றாக, நூறு இருநூறு குதிரைகள் வெளியே பாயும் அளவுக்கு வழி விட்டிருந்தார். வாசல் இல்லாத அரண் என்றால் சொந்தக் குதிரைப்படையே உள்ளே அடைபட்டுப் போயிருக்கும்.

வலப்புறம் ஊர் வீடுகள். இடப்புறம் பள்ளம் தோண்டி, வெட்டிய மரக்கிளைகளைப் போட்டிருந்தார்கள். அதனால் லோடியின் பெரும்படை குறுகலான முகப்புக்குள் வந்து விழ வேண்டியதாயிற்று. வேகமாக வந்த முன்வரிசை வண்டிகளைக் கண்டு தயங்க, பின்னால் வந்தவர்கள் நெருக்கித் தள்ளினார்கள். அப்போதுதான் பாபர் படையின் இரு கோடியிலும் நின்ற துலுக்மா பிரிவுகள், அதாவது பக்கவாட்டில் வளைப்பதற்கென்றே நிறுத்திய குதிரைப்படைகள், சுற்றி வளைத்து முதுகுப்புறத்திலிருந்து அம்பு எய்தன. அந்த நெரிசலில் பீரங்கிக்குக் குறியே தேவைப்படவில்லை. உச்சிப்பொழுதுக்குள் முடிந்துவிட்டது. இப்ராஹிம் களத்திலேயே விழுந்தார்.

இந்த ஏற்பாட்டில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு: எதிரி தேடி வராவிட்டால் வண்டி வேலி வீண். ஒரு வாரம் அப்படித்தான் கழிந்தது. சிறு கூட்டங்களை அனுப்பி அம்பு எய்து சீண்டியும் லோடி அசையவில்லை. நாலைந்தாயிரம் பேரை அனுப்பிய இரவுத் தாக்குதலும் பிசகியது. அதற்குப் பிறகுதான், ஏப்ரல் 21 விடியலில், லோடி படையோடு புறப்பட்டு வந்தார்.

மறு ஆண்டு கான்வா போரில் மேவார் மன்னர் ராணா சங்காவை எதிர்கொண்டபோது பாபர் இதற்கும் வழி கண்டிருந்தார். நகர்த்தக்கூடிய மறைப்பாக மரத்தில் முக்காலிகள் செய்து சக்கரம் பூட்டினார்கள். சண்டை முற்றியதும், நடுப்பகுதி வண்டிகளை முன்னே நகர்த்தச் சொன்னார்.

அன்புடன்,
உன் நண்பன்