நெல்லைப் பதிவேடுகள் நெல்லையிலேயே கிடைக்கட்டும்

ஆசிரியருக்கு,

தாத்தா காலத்து நிலத் தகராறு ஒன்றுக்காகப் போன மாதம் ஓர் அரசு அலுவலகத்தில் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டை, அதாவது நிலத்தை அளந்து வரி நிர்ணயித்த பதிவேட்டை, பார்க்கப் போனேன். சிவப்புத் துணியில் கட்டி வைத்திருந்தார்கள். முடிச்சை அவிழ்த்ததும் இராமபாணப் பூச்சி ஓடியது. எங்கள் சர்வே எண் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை! "மெதுவா சார், ஒடிஞ்சிரும்" என்றார் ஊழியர். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய?

எழும்பூரில் 1909-ல் தொடங்கிய சென்னை ஆவண அலுவலகம்தான் 1973-ல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆனது. கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அரசின் கடிதங்கள்கூட அங்கே பத்திரமாக உள்ளன. சரி, 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் இந்த ஊர் கொதித்தெழுந்ததே, அந்தக் காலத்து அரசுக் கடிதங்களைப் புரட்ட நெல்லை மாணவர் நெல்லை எக்ஸ்பிரஸ்தான் ஏற வேண்டுமா?

மண்ணுக்குள் கிடந்த பானைகளுக்கு ரெட்டியார்பட்டி மலையில் அருங்காட்சியகம் கட்டியாயிற்று, மகிழ்ச்சி. அப்புறம் இந்தக் காகிதங்களையும் கவனியுங்கள். தாலுகா அலுவலகக் கட்டுகளை ஸ்கேன் செய்து, பாளையங்கோட்டையில் பத்து நாற்காலி போட்ட ஒரு வாசிப்பு அறையில் பார்க்க வழி செய்தால் போதும். அடுத்த மழைக்கு முன் தொடங்கினால் நல்லது.

— ஒரு வாசகர், மேலப்பாளையம்